வேலை வளைக்காத பக்கம்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். வரிசை இப்போதைக்கு நகராது என்று தெரிந்ததும் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, சாலைக்கு முதுகைக் காட்டியபடி கேபின் படியில் இறங்குவார். தரையில் கால் பட்டதும் நடந்துவிட மாட்டார். இரண்டு மூன்று நொடி குனிந்த வாக்கிலேயே நிற்பார். பிறகு இரண்டு கையையும் இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, வயிற்றை முன்னால் தள்ளி, வானத்தைப் பார்த்து ஒருமுறை வளைவார். கூடவே ஒரு கொட்டாவி. அதற்குப் பிறகுதான் டீக்கடை.

யாரும் சொல்லிக்கொடுக்காத பயிற்சி அது. தமிழில் அதற்கு இருக்கும் பெயர்தான் கொஞ்சம் அநியாயம்: சோம்பல் முறிப்பது. விடிய விடிய ஸ்டியரிங் பிடித்தவருக்கு ஏது சோம்பல்? மணிக்கணக்கில் மடங்கிக் கிடந்த இடுப்பு, தன்னை எதிர்ப்பக்கம் ஒருமுறை திருப்பச் சொல்லிக் கேட்கிறது. தூங்கி எழும் நாயும் பூனையும் அதைத்தான் செய்கின்றன. வீட்டில் தொடங்கக்கூடிய ஸ்ட்ரெச்சிங் பயிற்சியின் முழு சூத்திரமும் அந்த ஒரு வளைவில் இருக்கிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சிங் என்று பேச்செடுத்தால் வரும் முதல் பதில், “நாள் பூரா குனிஞ்சு நிமிர்ந்து வேலை பாக்குற உடம்பு சார், ஏசி ரூம்ல உக்காந்திருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க” என்பது. நியாயமான கேள்வியாகத்தான் தெரியும். மீஞ்சூரிலிருந்து அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வரைக்கும், வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் உழைப்பு உடம்பை வளைப்பது எப்போதும் ஒரே பக்கமாக என்பதை அந்தப் பதில் கணக்கில் எடுப்பதில்லை.

டிரைவரையே எடுத்துக்கொள்வோம். இடுப்பும் முழங்காலும் மடங்கியபடி, தோள் முன்னால் உருண்டபடி மணிக்கணக்காக இருக்கிறார். தொடையின் முன்பக்கத்திலிருந்து அடிமுதுகுக்குப் போகும் தசை அந்த நேரம் முழுக்கச் சுருங்கியே கிடக்கிறது. இனி வெல்டர். காட்டுப்பள்ளி எல் அண்ட் டி கப்பல் தளத்துக்கு 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் ‘சார்லஸ் ட்ரூ’ என்ற சரக்குக் கப்பல் பழுதுபார்க்க வந்தது செய்தியானது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல்முறை. கப்பல் வேலை என்றால் பெரும்பகுதி நெருக்கடியான இடத்தில் நடப்பது. முட்டி போட்டு, மோவாய் நெஞ்சில் படும்படி தலையைக் கவிழ்த்து, கையை முன்னால் நீட்டி அசையாமல் பிடிக்க வேண்டும். எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டுப் பக்கமும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு, தண்ணீருக்குள் குனிந்த முதுகுதான் வேலை நேரம் முழுவதும். துறைமுக கேட்டில் கணினி முன்னால் இருப்பவர், பார்க்கப்போனால், டிரைவரின் அதே வடிவத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். சம்பளச் சீட்டுதான் வேறு.

இவர்கள் யாருடைய உடம்பும் உழைப்பில்லாமல் இறுகவில்லை. எந்த மூட்டு எந்த அளவுக்குத் தினமும் போய்வருகிறதோ அந்த அளவை உடம்பு தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது. போகாத தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் தன்னையே கேட்க வேண்டியது: என் வேலை என்னை எந்தப் பக்கம் வளைக்கிறது, எந்தப் பக்கம் வளைக்கவே இல்லை? குனிந்து வேலை செய்பவர் வீட்டுக்கு வந்தும் குனிந்து கால்விரலைத் தொட்டுக்கொண்டிருப்பது, உப்பு கூடிய குழம்பில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போடுகிற கதை.

அடுத்த குழப்பம் ‘நரம்பு’. நம் பேச்சில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். புறங்கையில் பச்சையாகத் தெரியும் ரத்தக்குழாய் நரம்பு. குதிகாலுக்கு மேல் கயிறு மாதிரி நிற்கும் தசைநாண் நரம்பு. கெண்டைக்காலில் இரவு பிடிக்கும் பிடிப்பும் நரம்பு இழுத்துக்கொண்டது. இது வெறும் பேச்சுவழக்கு என்று விட்டுவிடலாம், ஆனால் பயிற்சியில் இறங்கினால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். தசை நீளும்போது வரும் இழுப்பு அகலமாக, மந்தமாக, தசையின் நடுப்பகுதியில் இருக்கும். அப்படியே வைத்திருந்தால் பத்துப் பதினைந்து நொடியில் ஒரு படி தணியும். உண்மையான நரம்பை நீங்கள் இழுத்தால் அது மெல்லிய கோடாக, மின்சாரம் போல, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை ஓடும். மரத்துப்போகும், ஊசி குத்தும். வைத்திருந்தால் தணியாது, கூடும். முதலாவது வந்தால் அங்கேயே இருங்கள். இரண்டாவது வந்தால் உடனே விலகுங்கள். “வலிச்சாத்தான் பலன்” என்ற பேச்சுக்கு இந்தப் பயிற்சியில் இடமே இல்லை.

ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஸ்ட்ரெச்சிங் செய்தால் தசை ரப்பர் மாதிரி நீண்டுவிடுகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். வெப்ளர், மாக்னுசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த சோதனைகளை 2010-இல் அலசிப் பார்த்தார்கள். மூன்று முதல் எட்டு வாரம் வரை பயிற்சி செய்தவர்களின் கால் முன்பைவிடக் கூடுதலாக உயர்ந்தது உண்மை. ஆனால் அதற்குப் பெரும்பாலும் தசை நீண்டது காரணமாகத் தெரியவில்லை. அதே இழுப்பைத் தாங்கும் மனநிலை மாறியிருந்தது. எந்த இடத்தில் “போதும், நிறுத்து” என்று மூளை சொன்னதோ அந்த இடம் தள்ளிப்போயிருந்தது. மூளைக்கு அந்தத் தூரம் பழக்கமில்லை, பழக்கமில்லாததால் பயம், பயத்தால் தசையை இறுக்கிப் பிடிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். வெடுக்கென்று இழுத்தால் மூளை மேலும் பயந்து மேலும் இறுக்கும். நண்பர் முதுகில் ஏறி அமுக்கினாலும் அப்படித்தான். மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடித்தால் ஆபத்து என்ற செய்திதான் உள்ளே போகும். மெதுவாகப் போய், மூச்சு சீராக வரும் இடத்தில் நின்று, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டிவிட்டுத் திரும்பி வர வேண்டும். மறுநாளும் அதேபோல. புது வீட்டுக்கு வந்த பூனையைப் பழக்குவது மாதிரி.

எவ்வளவு நேரம்? பேண்டி, இரியன் என்ற ஆய்வாளர்கள் 1994-இல் பின்தொடைத் தசையை வைத்து இதைச் சோதித்தார்கள். வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். 15 நொடி வைத்தவர்களைவிட 30 நொடி வைத்தவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். 60 நொடி வைத்தவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1997-இல் இன்னொரு சுற்று: நாளுக்கு மூன்று முறை செய்தவர்களும் ஒரே முறை செய்தவர்களும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றார்கள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருபவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஓர் இடத்துக்கு 30 நொடி, அதாவது நிதானமான ஆறு மூச்சு. கைபேசியில் அலாரம் வைக்க வேண்டாம், மூச்சை எண்ணினால் போதும். மூச்சை எண்ணுகிறவரால் அதை அடக்கவும் முடியாது. அறுபதைத் தாண்டியவர்கள் மட்டும் பன்னிரண்டு மூச்சு வரை இருக்கலாம்.

வாடகை அறையில் ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். சுவர், கதவு நிலை, ஒரு துண்டு. வேறொன்றும் வாங்க வேண்டாம்.

ஒரு பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்கும் இதுவே பாடம். பாயில் மல்லாந்து படுங்கள். இடது காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். தோளில் போடும் துண்டை வலது உள்ளங்காலில் மாட்டி இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடியுங்கள். முழங்கையைத் தரையிலேயே விட்டுவிட்டு, வலது காலை மேலே கொண்டுபோங்கள். முழங்கால் முழுக்க நீள வேண்டியதில்லை. கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். தொடையின் பின்பக்கம் நடுவில் இழுப்பு தொடங்கும் இடம் ஒன்று வரும். அங்கே நில்லுங்கள். இப்போது உங்கள் முகத்தைக் கவனியுங்கள். புருவம் சுருங்கியிருந்தால், தோள் காதை நோக்கி ஏறியிருந்தால், நீங்கள் இரண்டு விரல்கடை அதிகம் போய்விட்டீர்கள், துண்டைத் தளர்த்துங்கள். மூன்றாவது நான்காவது மூச்சில் இழுப்பு தானாகத் தணியும். தணிந்தால் ஒரு துளி கூட்டலாம், கூட்டாமலும் இருக்கலாம். ஆறாவது மூச்சில் காலை மெதுவாக இறக்கி, மறுபக்கம்.

நின்றுகொண்டு குனிந்து விரலைத் தொட்டால் ஆகாதா என்றால், ஆகும். ஆனால் நிற்கும்போது பின்தொடை நீளாமலே முதுகெலும்பை வில்லாக வளைத்து விரலைத் தொட்டுவிட முடியும். தொட்ட திருப்தி கிடைக்கும், தொடைக்கு ஒன்றும் கிடைக்காது. படுத்திருக்கும்போது தரை முதுகைப் பிடித்துக்கொள்கிறது, ஏமாற்ற வழியில்லை. பள்ளிகளில் காலை நீட்டி உட்காரவைத்து எட்டிப் பிடிக்கச் சொல்லும் சோதனை 1952-இல் வெல்ஸ், தில்லன் என்ற இரு அமெரிக்க ஆசிரியைகள் வகுத்த முறையிலிருந்து வந்தது. கை நீளமானவர் அதில் எளிதாக ஜெயிப்பார், கால் நீளமானவர் தோற்பார். அந்த மதிப்பெண்ணை நினைத்து இன்னும் “எனக்கு உடம்பு வளையாது” என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் அதை மறந்துவிடலாம்.

டிரைவருக்கும் கணினிக்காரருக்கும் மிக வேண்டியது இடுப்பின் முன்பக்கம். மடித்த பெட்ஷீட்டின் மேல் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தை முன்னால் வையுங்கள். சினிமாவில் கதாநாயகன் ரோஜாப்பூ நீட்டுகிற அதே நிலை. வலது பிட்டத்தை இறுக்கினாலே வலது இடுப்பின் முன்னால் இழுப்பு தெரியும். பலரும் இங்கே முன்னால் சாய்ந்து அடிமுதுகை வளைத்துவிடுகிறார்கள். அப்போது இழுப்பு முதுகுக்குத் தப்பிப் போய்விடும். வெல்டருக்குக் கதவு நிலை: முழங்கையைத் தோள் உயரத்தில் இரண்டு பக்கச் சட்டத்திலும் பதித்து, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தால் நெஞ்சு விரியும். கழுத்தைக் கையால் பிடித்து இழுக்கும் பழக்கம் வேண்டாம். வேலை முழுக்கக் கவிழ்ந்திருந்த தலையை இன்னும் கவிழ்ப்பதில் என்ன இருக்கிறது? மோவாயைப் பின்னுக்கு இழுத்து நேராக நிறுத்திப் பழகுவது மேல். கெண்டைக்காலுக்குச் சுவரைப் பிடித்துப் பின்காலை நீட்டி ஒருமுறை, அதே காலை முழங்காலில் லேசாக மடக்கி ஒருமுறை. உள்ளே இரண்டு தசைகள் அடுக்காக இருப்பதால் இரண்டு விதம்.

குந்தி உட்காருவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அங்கலாய்ப்பு உண்டு. கோலம் போடவும், மீன் கழுவவும், கழிப்பறைக்கும் குந்தியே பழகிய சமூகம் இது. பிளாஸ்டிக் நாற்காலியும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்து முப்பது வயதுக்காரர்களின் கணுக்காலைக் கெட்டிப்படுத்திவிட்டன. அவை வந்ததில் தவறில்லை. மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு அவை பெரிய உதவி. ஆனால் முழங்கால் நன்றாக இருப்பவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையை விடாமல், எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்து ஆறு மூச்சு உட்காரலாம். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றுக்கும் ஒரே விலையில் வேலை நடக்கும். முழு வீச்சில் செய்யும் தசைப் பயிற்சியும் ஸ்ட்ரெச்சிங் அளவுக்கே மூட்டின் வீச்சைக் கூட்டுகிறது என்று 2021-இல் அஃபோன்சோவும் குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். ஆழமாகக் குந்தி எழுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

எப்போது செய்வது என்பதில் பழைய நம்பிக்கை ஒன்றைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். எழுந்ததும் வெறும் வயிற்றில் குனிந்து நிமிர்வது. இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாகவே இருக்கிறோம். பருத்த தட்டை அந்த நேரத்தில் குனிந்து அழுத்தினால் சுமை கூடுதல். ஸ்னூக் என்பவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை எழுந்த முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கச் சொன்னார். வேறு மருந்தில்லாமலே வலி குறைந்தது. அதனால் முன்னால் குனியும் வகைப் பயிற்சிகள் காலையில் வேண்டாம். வேலை விட்டு வந்து, வெந்நீரிலோ தண்ணீரிலோ குளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் செய்வது இந்த ஊர் வாழ்க்கைக்குப் பொருந்தும். நைட் ஷிப்ட்காரருக்கு அது காலை எட்டு மணியாக இருக்கலாம். அவர் எழுந்து பத்து மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது, அவருடைய தட்டுகளுக்கு அது சாயங்காலம்தான்.

வேலைக்கு இறங்குமுன் செய்யலாமா என்றால், நிறுத்திவைத்து நீட்டுவது அப்போது வேண்டாம். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்டிவைத்துவிட்டு உடனே பளு தூக்கினால் பலம் சிறிது குறைவாகத்தான் வரும். கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டும் லேஷிங் வேலைக்குப் போகிறவர் நீளக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியவர். அவருக்குக் கையைச் சுழற்றுவது, காலை வீசுவது, இருந்த இடத்தில் பத்து முறை குந்தி எழுவது போன்றவைதான் சரி. ஜப்பானில் 1928 முதல் வானொலியில் ஒலிபரப்பாகும் காலைப் பயிற்சி இந்த வகைதான். இசைக்கேற்ப அசைவு, எங்கேயும் நின்று நீட்டுவது பெரிதாக இல்லை. தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டன. இங்கே ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திப் பாதுகாப்பு அறிவுரை சொல்லும் ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடத்தை இதற்குக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தப் பயிற்சி எதைச் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்ட்ரெச்சிங் செய்தால் அடிபடாது என்பதற்கு ஆதாரம் மெலிது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து போப் என்பவர் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்கு முன் நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் கால் காயங்களில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. மறுநாள் உடம்புவலி குறையும் என்பதும் அப்படித்தான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பில் கிடைத்த பலன் நூறு புள்ளி அளவுகோலில் நான்கு புள்ளிக்குள்தான். விரலிலும் முதுகிலும் நெட்டி எடுப்பதும் இதில் சேராது. அது மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். சுகமாக இருக்கும், கெடுதலும் இல்லை, உடம்பு கூடுதலாக வளைந்துவிடவும் போவதில்லை. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டு ஒரு கை விரல்களில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்து, இரண்டு கைக்கும் வித்தியாசம் இல்லை என்று எழுதி 2009-இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசை வாங்கினார்.

அப்படியானால் கிடைப்பது என்ன? பின்னால் திரும்பி ரிவர்ஸ் பார்க்கும்போது கழுத்தும் மேல்முதுகும் கூட வரும். மேல் அலமாரியில் பாத்திரம் எடுக்கும்போது தோள் மறுக்காது. தரையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறூட்டிவிட்டு எழும்போது கை ஊன்றத் தேவைப்படாது. சின்ன விஷயங்கள்தான், ஆனால் அவை போன பிறகுதான் அவற்றின் அளவு தெரிகிறது.

யோகாசனம் தெரிந்தவர்கள் இதெல்லாம் நம்மிடம் இருந்ததுதானே என்பார்கள். இருந்தது. 1952-இல் மைசூரிலிருந்து சென்னைக்கு வந்து 1989-இல் மறையும்வரை இங்கேயே இருந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் பாடத்தில் முக்கியமானது, ஆசனத்துக்கு ஆளை வளைக்காமல் ஆளுக்கு ஆசனத்தை மாற்றுவது. அவருடைய மகன் தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரமும் அந்த வழியில் வந்ததுதான். கைபேசியில் வரும் வீடியோக்களில் இந்தப் பகுதி மட்டும் காணாமல் போய்விடுகிறது. காலைத் தலைக்குப் பின் போடுபவருக்கு இடுப்பெலும்பின் குழி பிறவியிலேயே அப்படி அமைந்திருக்கலாம். எலும்போடு எலும்பு முட்டும் இடத்தில் எந்தப் பயிற்சியும் வேலை செய்யாது. இயல்பிலேயே விரல் பின்னால் மடங்கும், முழங்கை எதிர்ப்பக்கம் வளையும் பிள்ளைகளுக்கு நீட்டும் பயிற்சியே தேவையில்லை. பலம் கூட்டும் பயிற்சிதான் வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோள் இறுகிப்போவது அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம் வரும். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பர்ஸ் எடுக்க முடியாமல், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் இருந்தால் அது தசை இறுக்கம் அல்ல, மூட்டைச் சுற்றிய உறையே சுருங்கியிருக்கிறது. அதை வீட்டில் வலுக்கட்டாயமாக இழுத்தால் மோசமாகும், பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். முழங்காலுக்குக் கீழே மரத்துப்போவது, பாதத்தில் பலமில்லாமல் செருப்பு கழல்வது ஆகியவற்றுக்கும் டாக்டர்தான். சிறுநீர் கட்டுப்படாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரி. சுளுக்கெடுப்பவரிடம் போய் நாளைக் கடத்த வேண்டாம்.

மற்றவர்கள் இன்றே ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு தொடங்கலாம். சுவருக்கு நேராக நின்று ஒரு பாதத்தை நேரே வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடியும். முழங்கால் கடைசியாகத் தொட முடிந்த இடத்தில், கட்டைவிரல் முனைக்கு நேராகத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. கிளட்ச் மிதிக்கும் காலுக்கும் மற்றக் காலுக்கும் கோடு வேறு வேறு இடத்தில் விழுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நான்கு வாரம் கழித்து, வீடு மெழுகும்போது அழிந்துபோகாமல் இருந்தால், அதே கோட்டில் நின்று பாருங்கள்.